காவல் இல்லாத கரு

பதினாறு வயது வரை இசக்கியப்பன் ஓடியதே இல்லை. ஓடினால் விழ வேண்டியிருக்கும். விழுந்தால் முட்டிக்குள் ரத்தம் கசியும். கசிந்தால் நிற்காது. அவருடைய அம்மா கட்டில் கால்களிலெல்லாம் பழைய சேலைத் துணியைச் சுற்றி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பென்சிலைக்கூட வேறு யாராவதுதான் சீவிக் கொடுப்பார்கள். ரத்தம் உறையாத நோய். அம்மா வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிப்பது. அவருடைய தாய்மாமன்கள் இரண்டு பேர் அதில்தான் போனார்கள், ஒருவர் பல் பிடுங்கப் போன இடத்தில்.

பிறகு அந்த ஊசி வந்தது. ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும் என்றார்கள். போட்டுக்கொண்டு சில மாதங்கள் கழித்து, வீட்டுக்குத் தெரியாமல் மைதானத்துக்குப் போய்க் கபடி ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முதல் தடவை பாடிப் போனபோதே நாலு பேர் சேர்ந்து மண்ணில் அமுக்கினார்கள். எழுந்து பார்த்தால் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் தானாகவே நின்றது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்து, அடி பலம் போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் அவருக்குக் கபடிதான் எல்லாமும். மாநில அணியில் ஆடினார். வயதானதும் பாளையங்கோட்டையில் பயிற்சியாளராக இருந்துவிட்டார். பொன்ராணியைக் கட்டிக்கொண்டார். ஒரே மகள், பேச்சிப்பிரியா. கணக்கு டீச்சர். சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்களை ஆயுள் முழுக்கக் கவனித்து வருவதற்கென்று ஒரு மருத்துவக் குழு இருந்தது. அதில் டாக்டர் ஷெரின் ஜோஸ்பின் என்று ஒரு நாகர்கோவில்காரர். அந்த வருஷம் அவர் வழக்கத்துக்கு மாறாக, ஊசிக்காரர்களின் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார். சில வாரங்கள் கழித்துத் தானே பாளையங்கோட்டைக்குக் கிளம்பி வந்தார். வெயில் ஏறிவிட்டதால் பிள்ளைகள் பயிற்சி முடித்துப் போயிருந்தார்கள். கொட்டகையில் இசக்கியப்பன் மட்டும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, நீங்களே வந்திட்டிய? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே."

"இருக்கட்டும் அண்ணாச்சி. பிரியாவுக்குக் கல்யாணம் ஆகி அஞ்சாறு வருஷம் இருக்குமா?"

இசக்கியப்பன் விரிப்பைக் கீழே வைத்தார். "ஏன், பிள்ளைக்கு ரத்தத்துல ஏதும்..."

"உசுருக்கு ஒண்ணும் இல்ல. அவ தொண்ணூறு வயசு வரைக்கும் நல்லா இருப்பா. ஆனா அவளுக்குப் பிள்ளை பெறக்காது."

வெளியே ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒன்று நிறுத்தத்தில் நின்று, யாரும் ஏறாமல் தானே கிளம்பிப் போனது. இசக்கியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெரின் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒங்களுக்குப் போட்ட ஊசியில என்ன இருந்துதுன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"ரத்தம் உறையுததுக்கு வேண்டிய ஜீனு. எனக்கு இல்லாதது."

"அது சரக்கு. அதச் சொமந்துட்டு வந்த வண்டியப் பத்திச் சொல்லுதேன். மரபணு எல்லாம் வச்ச எடத்துல இருக்கும்னுதான் நெனைக்கோம். சிலது அப்பிடி இருக்காது. தன்னத் தானே வெட்டி எடுத்துக்கிட்டு வேற எடத்துல போயி உக்காந்துக்கிடும். தாவும் ஜீன்னு சொல்லுவோம். அதுல ஒண்ணப் பிடிச்சி, சரக்க ஏத்தி, ஒரே ஒரு தடவ தாவ விட்டு, பிறகு கால ஒடிச்சாவ. இனிமே நகராதுன்னு நெனைச்சாவ."

"நகந்துட்டா?"

"ஒங்க உடம்புல நகரல. ஈரல்ல போயி உக்காரணும்னு அனுப்புனது, ஒங்க விந்துக்கும் போயிருக்கு. அங்கயிருந்து பிரியாவுக்கு."

இசக்கியப்பனுக்கு இன்னும் புரியவில்லை. ஷெரின் நிதானமாகச் சொன்னார். மனுஷனுடைய மரபணுவில் கிட்டத்தட்டப் பாதி, இப்படி எப்போதோ தாவி வந்து தங்கியவைதான். கோடிக்கணக்கான வருஷமாக வந்து சேர்ந்தவை. தாவின காலத்தில் எத்தனையோ உயிரைக் கெடுத்தன, எத்தனையோ புதுசாக உண்டாக்கின. இப்போது அநேகமாக எல்லாம் உறங்குகின்றன.

"சும்மா உறங்கல. காவல் இருக்கு. தாயோட கருமுட்டையிலயே காவலும் சேந்து வரும். பழைய ஆளு ஒவ்வொருத்தன் மொகமும் அந்தக் காவலுக்கு அத்துப்படி. தல தூக்குனா அமுக்கிரும். ஒங்க வழியா வந்தது புது ஆளு. பொன்ராணி அக்காவோட முட்டையில அதுக்குக் காவல் இல்ல."

"காலத்தான் ஒடிச்சாச்சின்னு சொன்னியளே."

"பக்கத்துல உறங்குன பழசுல ஒண்ணு அதுக்குக் காலு குடுத்திருக்கு. பிரியா வயித்துக்குள்ள இருக்கும்போதே, அவளோட கருமுட்டை உருவாகுத எடத்துல தாவித் தாவிச் செதச்சிட்டு. மத்த உடம்புல அது தாவாது. அதனாலதான் பிள்ளை நல்லா வளந்தா, நல்லாப் படிச்சா, யாருக்கும் ஒண்ணும் தெரியல."

"முன்னாலயே இதப் பாக்கலயா டாக்டரம்மா?"

"கொரங்குக்குப் போட்டுப் பாத்தாவ. குட்டி நல்லாப் பெறந்துது. சரின்னுட்டாவ. கொரங்கு பேரப்பிள்ளை எடுக்கிற வரைக்கும் யாரும் காத்திருக்கல."

"எம்பிள்ளைக்கு மட்டுமா?"

ஷெரின் இல்லையென்று தலையாட்டினார். "இந்த நோய் ஆம்பளையாளுக்குத்தானே வருது. ஊசி போட்டது பூரா ஆம்பளையளுக்கு. இதே ஊசிய ஒரு தாயி போட்டிருந்தா காவலும் சேந்து பிள்ளைக்குப் போயிருக்கும். தகப்பன் வழியா வந்தா காவல் வராது. நாங்க பாத்த வரைக்கும் ஒரு பிள்ளைகூடத் தப்பல அண்ணாச்சி."

மகளிடம் டாக்டர் சொல்ல வேண்டாம், தானே சொல்லிக்கொள்கிறேன் என்றார் இசக்கியப்பன். பொன்ராணியிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "என் முட்டையிலதான் காவல் இல்லையா?" என்பதுதான். இல்லை, யாருடைய குற்றமும் இல்லை என்று அவர் எத்தனை விதமாகச் சொல்லியும் அந்த வார்த்தையை அவளால் விட முடியவில்லை. மகளைப் பார்க்க வரவும் மறுத்துவிட்டாள்.

அவர் மட்டும் சங்கரன்கோவில் போனார். சம்பந்தி வீட்டில் வைத்துச் சொல்ல மனம் வராமல், பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்பறைக்கே போய்ச் சொன்னார். பிரியா கையில் திருத்த வேண்டிய விடைத்தாள்களை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்ன மாதிரியே சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

முடித்தபின் பிரியா சொன்னாள். "தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சேன். எங்க அத்தை என்ன கசாயம் தந்தாலும் குடிச்சேன். பிள்ளை வரம் கேட்டு கருவளர்ச்சேரி அம்மன் கோயிலுக்குப் போயி படி மெழுகிட்டு வந்தேன்."

"தெரியும் மக்கா."

"ஒங்களுக்கு ஊசி போடும்போது, இவனுக்குப் பெறக்கப்போற பிள்ளைய ஒரு வார்த்த கேக்கணும்னு யாருக்காவது தோணிச்சாப்பா?"

"நீ அப்ப பெறக்கவே இல்லயேம்மா."

"பெறக்கல. அதான் கேக்க நாதியில்லாமப் போச்சி."

பிரியா விடைத்தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். பேருந்து வரைக்கும் கூட வந்தாள். ஏறும்போது, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

செய்தி வெளியே வந்தபோது நாட்டில் அதற்கு ஒரு பெயரும் சேர்ந்தே வந்தது. ஊசி வம்சம். வரன் பார்க்கும் தளங்களில் சாதி, நட்சத்திரம் கேட்கிற இடத்துக்குக் கீழே இந்தக் கேள்வியும் ஏறியது. பிரியாவின் கணவன் சங்கரவேல் கெட்டவன் இல்லை. தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் அவன்தான் சொன்னான். பிறகு அவன் வீட்டில் அழுதார்கள், பட்டினி கிடந்தார்கள், சோறு போட்ட தட்டை நகர்த்தி வைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் அவன் தளர்ந்துபோனான். பிரியாவின் சாமான்களைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவன், இசக்கியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, என்னால முடியல" என்று குலுங்கினான். அடுத்த தையில் அவனுக்கு வேறு கல்யாணம் ஆனது.

பிரியா தென்காசிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தனி வீடு எடுத்துத் தங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கமாரி வந்தாள். இசக்கியப்பனுடைய அக்காவின் மகள். அவளுடைய பையன் அதிரனுக்கு மூன்று வயது. இசக்கியப்பனுக்கு இருந்த அதே நோய். அவன் பிறந்தபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, ஊசிதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்கள். இப்போது ஊசியை அரசாங்கம் நிறுத்திவிட்டது. முன்காலத்தில் இந்த நோய்க்காரர்கள் வாரா வாரம் ஏற்றிக்கொண்ட ஃபேக்டர் மருந்தும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் குணமாகிவிட்டதென்று அதைத் தயாரித்தவர்கள் எப்போதோ மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மறுபடி தொடங்கக் காலம் பிடிக்கும் என்றார்கள்.

பிறகு ஒரு வழி சொன்னார்கள். நிபுணர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு. ஊசி போடலாம், ஆனால் அதே நாளில் பையனுக்குக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிட வேண்டும். இது இத்தோடு நிற்க வேண்டும் அல்லவா?

தங்கமாரி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமலே நின்றாள். இறக்கினால் ஓடுவான். முழங்காலிலும் முழங்கையிலும் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை போட்டிருந்தான்.

"மாமா, நீங்க சொல்லுங்க. இந்த வியாதியும் பட்டு ஊசியும் பட்ட ஆளு நம்ம குடும்பத்துல நீங்க ஒருத்தர்தான். நீங்க என்ன சொல்லுதியளோ அதச் செய்யுதேன்."

பிரியா அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் வாய் திறப்பதற்கு முன் அவள் சொன்னாள். "போட்டுரு மயினி. உசுரு இருக்கட்டும். மிச்சத்தப் பெறகு பாத்துக்கிடலாம்."

"மூணு வயசுப் பயலுக்கா?" என்றார் இசக்கியப்பன். "பேச்சே இன்னும் சரியா வரல, அவனுக்கு அறுத்துக் கட்டணும்னு சொல்லுதாவ. நாளைக்கு இவன் வளந்து வந்து, யாரக் கேட்டுச் செஞ்சியன்னு நம்மகிட்ட நிப்பாம்லா. என் முன்னால ஒருக்கா அப்பிடி நின்னு கேட்டாச்சி. எங்கிட்டப் பதில் இல்ல."

பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊசி மட்டும் போடட்டும். மத்தத அவன் பெரியவனான பெறகு அவனே முடிவு பண்ணட்டும். நான் கோர்ட்டுக்குப் போறேன்" என்றார் அவர்.

போனார். அவர் முகம் பத்திரிகைகளில் வந்தது. பல ஊர்களிலிருந்து ஊசிக்காரர்கள் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நியாயம் அவர் பக்கம் இருக்கிறதென்று வக்கீல்கள் சொன்னார்கள். நீதிபதியும் ஏறக்குறைய அதையே சொன்னார். அரசாங்கம் பதில் சொல்ல அவகாசம் கேட்டது. வழக்கு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

மழைக்காலத்தில் ஒரு காலை, தங்கமாரி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த நேரத்தில், அதிரன் சோபாவில் ஏறிக் குதித்திருக்கிறான். தலை சும்மா தட்டியிருக்கிறது. அழக்கூட இல்லை. மத்தியானம் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே கண் செருகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியிலும் ஃபேக்டர் இல்லை. சென்னையிலிருந்து கொஞ்சம் வருகிறது என்றார்கள். அது வந்து சேர்ந்தபோது பிள்ளையைத் துணியால் மூடியிருந்தார்கள்.

இசக்கியப்பன் போனபோது தங்கமாரி அவரைத் திட்டவில்லை. அவர் வந்து நின்றதைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நல்லது கெட்டதிலும் அவரிடம் பேசவில்லை. வழக்கில் தீர்ப்பு அடுத்த வருஷம் வந்தது. அவர் கேட்டபடியேதான் வந்தது.

காலம் போனது. பொன்ராணி இறந்தாள். இசக்கியப்பன் பயிற்சிக்குப் போவதை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிரியாவுக்கு முப்பத்தைந்து தாண்டியது. மாதம் ஒருமுறை அவர் தென்காசி போவார். சாப்பிடுவார்கள், டிவி பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்துப் பேச்சு பேசுவார்கள். அதிரனைப் பற்றியோ அந்த வகுப்பறைப் பேச்சைப் பற்றியோ இரண்டு பேரும் எடுப்பதில்லை.

ஒருநாள் ஷெரின் மறுபடி கொட்டகைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை இசக்கியப்பன் கவனித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த முகத்தில் அதைப் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, செதஞ்சது எல்லாம் செதஞ்சி போகல. கொஞ்சம் முட்டை உறங்கிட்டுக் கெடந்திருக்கு. வயசு ஆக ஆக, அந்தப் புது ஜீன் தாவித் தாவி, காவல் உண்டாகுத எடத்துலயே போயி விழுந்திருக்கு. விழுந்த ஒடனே அதோட மொகம் காவலுக்குத் தெரிஞ்சி போச்சி. தன் கையாலயே தனக்கு வெலங்கு போட்டுக்கிட்டு. முப்பத்தஞ்சி தாண்டுன பெண்பிள்ளைகள்ல சில பேருக்கு உறங்குன முட்டை முழிச்சிருக்கு."

"பிரியாவுக்கு?"

"அவளுக்கும் இருக்கும்னு நெனைக்கேன். ஒரு தடவ பாத்தாப் போதும். நாலு மாசமா போன் அடிக்கேன், எடுக்க மாட்டேங்கா. நீங்க சொன்னா வருவா."

"பெறக்குத பிள்ளை..."

"அதுக்குக் காவலும் சேந்து வரும். நல்லா இருக்கும். மகளாப் பெறந்தா ஒரு பயமும் இல்ல, அவ பிள்ளைகளும் நல்லா இருக்கும்." ஷெரின் கொஞ்சம் தயங்கினார். "மகன்னா, அவன் கட்டிக்கிடப்போறவ முட்டையில காவல் இருக்காது. ஒங்களுக்கு ஆன மாதிரியேதான். ஆனா அது அடுத்த தலமொறை அண்ணாச்சி. அதுக்குள்ள ஏதாவது வழி கண்டுபிடிப்போம். பழ ஈயிலயும் இப்பிடித்தான் ஆச்சி. போன நூற்றாண்டுல எங்கயிருந்தோ ஒரு தாவும் ஜீன் அதுக்குள்ள நுழைஞ்சிது. மொதல்ல மலடாச்சி. பெறகு தப்புனது பெருகுச்சி. அம்பது வருஷத்துல ஒலகத்துல வெளிய பறக்குத அந்த ஈ பூரா அதத் தாங்குனதுதான். அது இல்லாத பழைய ஈ இப்ப ஆய்வுக்கூடத்துப் பாட்டில்ல மட்டும்தான் இருக்கு. உயிரெல்லாம் இப்பிடித்தான் மாறி வந்திருக்கு."

இசக்கியப்பன் ஈயைப் பற்றிச் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு தென்காசி பேருந்தைப் பிடித்தார். வழி முழுக்க, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனார். வயசு ஒன்றும் பெரிய வயசில்லை. கல்யாணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கல்யாணம் இல்லாமலும் இப்போது எத்தனையோ வழி இருக்கிறது. ஊர் பேசினால் பேசட்டும்.

பிரியா அடுப்பில் ரசம் கொதிக்க வைத்திருந்தாள். அவர் வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லத் தொடங்கினார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"உள்ள வாங்கப்பா. உக்காருங்க. எனக்குத் தெரியும்."

"ஷெரின் டாக்டரு பேசிட்டாங்களா?"

"அவங்க சொல்லுததுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். என்னை மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு குழு இருக்கு. மாசாமாசம் பேசிக்கிடுவோம். போன வருஷமே ரெண்டு மூணு பேருக்குத் தெரிஞ்சி போச்சி. பெறகு எனக்கும்."

"பெறகு ஏம்மா சும்மா இருக்க? நாளைக்கே..."

"சும்மா இல்லப்பா. வைகாசியிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டேன்."

அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கட்டிப்போட்டதென்றால் எதை என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"மகன் பெறந்தா என்ன செய்ய?" என்றாள் பிரியா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற குரல். "அவன் யாரு பெத்த பிள்ளையையோ கட்டிட்டு வருவான். அந்தப் பிள்ளைக்குப் பெறக்கப்போற பிள்ளை ஒருநாளு அவன் முன்னால வந்து நிக்கும். மகள் பெறந்தா அவளுக்கு ஒரு மகன். எங்கயாவது ஒரு எடத்துல நிக்கணும்லா."

"டாக்டரு சொன்னாங்க, வழி கண்டுபிடிச்சிருவோம்னு."

"ஒங்களுக்கும் அப்பிடித்தானே சொல்லியிருப்பாவ."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மக்கா."

பிரியா அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"ஒங்களுக்கு ஊசி போட்டவங்க என்னைக் கேக்கல. அதிரன் விஷயத்துல நீங்க அவனக் கேக்கல, கேக்கவும் முடியாது. கேட்டுச் செஞ்சது நம்ம வீட்டுல இது ஒண்ணுதான்பா. என்னையே கேட்டேன். போயிட்டு வந்தேன்."

அவள் தட்டு வைத்தாள். சோறு போட்டு ரசம் ஊற்றினாள். அவர் கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தால் அதிரனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கும் அன்றைக்கே கட்டிப்போட்டு ஊசியைப் போட்டிருந்தால் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பான். மகள் செய்தது சரியா தப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. தான் செய்தது சரியா தப்பா என்றும் சொல்ல முடியவில்லை. தட்டில் இருந்ததைத் தின்று முடித்தார். மிச்சம் வைத்தால் அவள் வருத்தப்படுவாள்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது ஷெரின் அழைத்தார்.

"என்ன அண்ணாச்சி, சொன்னியளா? எப்ப வாரா?"

"வர மாட்டா டாக்டரம்மா. வைகாசியிலயே கட்டிப்போட்டுட்டாளாம்."

தொடர்பு போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தபோது ஷெரினின் குரல் கேட்டது. வயதான பெண்ணின் குரலாக இருந்தது.

"அவளுமா?"